ஒன்பது நாளில் வரைவு, ஒன்பது மாதத்தில் சட்டம்: ஜப்பான், 1946

1946 மார்ச் 4, திங்கட்கிழமை காலை. டோக்கியோவில் அரண்மனை அகழிக்கு எதிரே இருக்கும் டாய்-இச்சி ஆயுள் காப்பீட்டு நிறுவனக் கட்டடத்துக்குள் அமைச்சர் ஜோஜி மட்சுமோட்டோ நுழைந்தார். வணிகச் சட்டத்தில் பெரிய பேர் எடுத்த அறிஞர் அவர். கூடவே சட்ட வரைவு அலுவலகத்தின் அதிகாரி டட்சுவோ சடோ. போரில் வென்ற நேச நாடுகளின் தலைமையகம் அப்போது அந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது. ஜப்பான் அரசு தயாரித்த அரசியலமைப்பு வரைவை அங்கே கொடுப்பதுதான் வந்த வேலை.

அமெரிக்கர்கள் உடனே மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைத்து வரிவரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சில மணி நேரத்தில் கர்னல் சார்லஸ் கேடிஸ் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். பேரரசர் அரசு தொடர்பாக எதைச் செய்தாலும் அமைச்சரவையின் ஆலோசனையும் ஒப்புதலும் வேண்டும் என்று, அமெரிக்கர்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்த ஆங்கில மூலம் சொன்னது. ஜப்பானிய வரைவிலோ 'ஹோஹிட்சு' என்ற பழைய அரசவைச் சொல் மட்டும் இருந்தது. மன்னருக்குத் துணைநின்று ஆலோசனை சொல்வது என்று அதற்குப் பொருள். ஒப்புதலைக் காணோம். வார்த்தை முற்றியது. மட்சுமோட்டோ கோபத்தோடு கிளம்பிப் போனார், திரும்பி வரவில்லை. சடோ மாட்டிக்கொண்டார். இறுதி வடிவம் இன்றிரவே முடிந்தாக வேண்டும் என்று மாலையில் சொல்லிவிட்டார்கள். மறுநாள்வரை, ஏறத்தாழ முப்பது மணி நேரம், கண் மூடாமல் ஒவ்வொரு பிரிவாகப் போராடினார் அந்த அதிகாரி.

ஜப்பானின் அரசியலமைப்பு பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்: அது அமெரிக்கர்கள் எழுதிக் கொடுத்ததுதானே? முதல் வரைவு அவர்களுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முதல் வரைவு ஒன்பது நாளில் முடிந்தது. அது சட்டமாக ஒன்பது மாதம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ கைகள் அதில் பட்டன. சிலர் சேர்த்தார்கள், சிலர் எடுத்தார்கள். யார் எதைச் சேர்த்தார், யார் எதை எடுத்தார் என்று பார்க்கும்போதுதான் இந்த நிகழ்வு எனக்குப் புரியத் தொடங்கியது.

பழைய சட்டமும் அதன் காவலர்களும்

1889 பிப்ரவரி 11 அன்று மேய்ஜி பேரரசர் தன் குடிகளுக்கு ஓர் அரசியலமைப்பை வழங்கினார். 'வழங்கினார்' என்பதே சரியான சொல். ஹிரோபுமி இட்டோ தலைமையில், பிரஷ்ய முறையை முன்மாதிரியாக வைத்து, மூடிய அறைக்குள் எழுதப்பட்டது அது. பேரரசர் புனிதமானவர், மீறப்படக் கூடாதவர் என்றது மூன்றாம் பிரிவு. படைகளின் தலைமை நேரடியாக அவர் கையில். மக்களுக்கு உரிமைகள் இருந்தன, ஆனால் 'சட்டத்தின் வரம்புக்குள்' என்ற வாலோடு. 1930களில் ராணுவம் அமைச்சரவையை ஓரங்கட்டியபோது அதைத் தட்டிக் கேட்கும் வலு அந்தச் சட்டத்துக்கு இல்லை.

நேச நாடுகள் விடுத்த 1945 ஜூலை 26-இன் போட்ஸ்டாம் அறிவிப்பு, ஜனநாயகத்துக்கான தடைகளை ஜப்பான் அரசு நீக்க வேண்டும் என்றது. ஆகஸ்ட் 15-இல் பேரரசர் வானொலியில் பேசினார். செப்டம்பர் 2-இல் சரணாகதி கையெழுத்தானது. அக்டோபரில் நேச நாடுகளின் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர் அரசியலமைப்பைத் திருத்தச் சொல்ல, பிரதமர் கிஜூரோ ஷிதேஹாராவின் அரசு மட்சுமோட்டோ தலைமையில் ஒரு குழு அமைத்தது.

அந்தக் குழு இருந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பார்த்தது. 'புனிதமானவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உன்னதமானவர்' என்று போட்டது. ஆட்சியுரிமை பேரரசரிடமே இருந்தது. தோற்ற நாட்டின் மந்திரிகளுக்கு, தோற்றது படைதான், பழைய ஒழுங்கு அப்படியே நிற்கிறது என்ற நம்பிக்கை. ஊர்கள் சாம்பலாகிக் கிடந்த வேளையில் இதைப் படிக்கையில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதே மாதங்களில் மந்திரிகளுக்கு வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கட்சிகளும் தனி மனிதர்களும் தாங்களாகவே அரசியலமைப்பு வரைவுகள் எழுதி வெளியிட்டார்கள். அவற்றில் முக்கியமானது அரசியலமைப்பு ஆய்வுச் சங்கம் என்ற சிறு குழு 1945 டிசம்பர் 26-இல் வெளியிட்டது. ஆட்சியுரிமை மக்களிடமிருந்து பிறக்கிறது, பேரரசருக்குச் சடங்கு வேலைகள் மட்டுமே என்றது அது. அதன் மூளை யசுசோ சுசுகி என்ற ஆய்வாளர். 1880களில் மக்களுரிமை இயக்கம் பரவியபோது ஊர்ப்புறத்து ஆசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் எழுதிய வரைவுகளைத் தோண்டியெடுத்துப் படித்தவர். எமோரி உவேகி 1881-இல் எழுதிய வரைவு அவர் கவனத்தில் இருந்தது. மேய்ஜி அரசு தள்ளிவைத்த குரல்கள் அறுபது ஆண்டு கழித்து அவர் வழியே திரும்பி வந்தன. தலைமையகத்தில் இருந்த வழக்கறிஞர் மைலோ ரோவெல் இந்த வரைவை மொழிபெயர்க்க வைத்து, 1946 ஜனவரி 11-இல் அதைப் பாராட்டிக் குறிப்பு எழுதினார். ஆக, அமெரிக்கர்கள் பேனாவை எடுக்கும் முன்பே அவர்கள் மேசையில் ஜப்பானிய வரைவு ஒன்று கிடந்தது.

ஒன்பது நாள்

பிப்ரவரி 1 அன்று மைனிச்சி நாளிதழ் மட்சுமோட்டோ குழுவின் வரைவு ஒன்றை அம்பலப்படுத்தியது. இது ஒட்டுப்போடும் வேலை என்று மெக்ஆர்தருக்கு உறுதியாயிற்று. அவருக்கு அவசரமும் இருந்தது. சோவியத் ஒன்றியம் உட்பட நேச நாடுகள் சேர்ந்த தூரக் கிழக்கு ஆணையம் பிப்ரவரி 26-இல் கூட இருந்தது. அது கூடிவிட்டால் அரசியலமைப்பு விஷயத்தில் அவர் கை கட்டப்படும். பேரரசரைப் போர்க் குற்றவாளியாக நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் வெளியே பலமாக இருந்தது. பேரரசரை வைத்துக்கொண்டே நாட்டை ஆள நினைத்த மெக்ஆர்தர், அதற்கு முன்பே காரியத்தை முடிக்கப் பார்த்தார்.

பிப்ரவரி 3-இல் மூன்று அம்சங்களைக் குறித்துக் கொடுத்தார்: பேரரசர் இருப்பார், மக்களுக்குப் பொறுப்பானவராக; போர் ஒழிக்கப்படும்; நிலப்பிரபுத்துவ முறை முடியும். மறுநாள் தளபதி கோர்ட்னி விட்னி தன் ஆட்சிப் பிரிவின் ஆட்களைக் கூட்டி, ஒரு வாரத்தில் ஒரு நாட்டின் அரசியலமைப்பை எழுதுங்கள் என்றார். சுமார் இருபத்தைந்து பேர். வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அரசியலமைப்புச் சட்டத்தில் தேர்ந்தவர் என்று சொல்ல எவரும் இல்லை.

போர் ஒழிப்பு அம்சத்தில், தன் பாதுகாப்புக்காகக்கூடப் போர் கூடாது என்று மெக்ஆர்தர் எழுதியிருந்தார். எந்த நாட்டுக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கேடிஸ் அந்தச் சொற்களை எடுத்துவிட்டார். போரைக் கைவிடும் ஒன்பதாம் பிரிவைச் சுற்றி இன்றுவரை நடக்கும் வாதங்களின் வேர்களில் ஒன்று இந்த அடித்தல்.

உரிமைகள் பகுதியை எழுதிய மூவரில் ஒருவர் பியாட்டே சிரோட்டா. வயது 22. வியன்னாவில் பிறந்தவர், அப்பா லியோ சிரோட்டா பியானோ கலைஞர். டோக்கியோ இசைக் கல்லூரியில் அப்பாவுக்கு வேலை கிடைத்ததால் ஐந்து வயதில் ஜப்பானுக்கு வந்து, பதினைந்து வயதுவரை அங்கே வளர்ந்தார். கல்லூரிப் படிப்புக்கு அமெரிக்கா போனவர் போரால் பெற்றோரைப் பிரிந்து, 1945 இறுதியில் தலைமையகத்து வேலையோடு அவர்களைத் தேடித் திரும்பியிருந்தார். ஜப்பானியப் பெண்களின் வாழ்க்கை அவருக்கு ஏட்டறிவு இல்லை. முகம் பார்க்காத கல்யாணம், சொத்தில் பங்கில்லாமை, கணவன் வைத்ததே சட்டம் என்ற நிலை எல்லாம் வீட்டுப் பணிப்பெண்களின் பேச்சிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டு வளர்ந்தவை.

வரைவு எழுதும் வேலை கிடைத்ததும் ஜீப் எடுத்துக்கொண்டு, குண்டுவீச்சில் தப்பிய நூலகங்களுக்குப் போனார். ஒரே இடத்தில் நிறைய எடுத்தால் சந்தேகம் வரும் என்று பல நூலகங்களில் பிரித்துப் பிரித்து எடுத்தார். வைமர் ஜெர்மனி (முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மன் குடியரசு), சோவியத் ஒன்றியம், ஸ்காண்டிநேவிய நாடுகள் என்று பல அரசியலமைப்புகள் மேசைக்கு வந்து சேர்ந்தன. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அரசின் உதவி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்குச் சம உரிமை என்று விரிவாக எழுதினார். இதெல்லாம் சாதாரணச் சட்டத்தில் வர வேண்டியவை என்று கேடிஸ் பெரும்பாலானவற்றை நீக்கினார். சாதாரணச் சட்டத்தை எழுதப்போகும் ஆண்கள் இவற்றை எழுதவே மாட்டார்கள் என்று வாதாடி, அழுதும்விட்டார் அந்தப் பெண். மிஞ்சியதுதான் இன்றைய 24-ஆம் பிரிவு: திருமணம் இருவரின் சம்மதத்தில் மட்டுமே நிற்கும், கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்த மார்ச் இரவில் இந்தப் பிரிவுக்கும் ஜப்பானியத் தரப்பு எதிர்ப்புச் சொன்னது. மிஸ் சிரோட்டா இதில் மனசு வைத்திருக்கிறார், விட்டுக்கொடுங்கள் என்று கேடிஸ் கேட்டதாக சிரோட்டாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றிரவு அவர் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்து பல இடங்களில் ஜப்பானியர்களின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துச் சொல்லியிருந்தார். அந்த நல்லெண்ணத்தில் பிரிவு பிழைத்தது. 1948 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய குடும்பச் சட்டத்தில் குடும்பத் தலைவன் அதிகாரமே ஒழிந்ததற்கு இந்தப் பிரிவு அடித்தளம். இதைப் பற்றி அவர் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. 22 வயதுப் பெண் எழுதியது என்று சொல்லியே சட்டத்தை மட்டம் தட்டுவார்கள் என்ற பயம்.

சொற்களின் சண்டை

பிப்ரவரி 13-இல் விட்னி இந்த வரைவை வெளியுறவு அமைச்சர் ஷிகேரு யோஷிதாவிடமும் மட்சுமோட்டோவிடமும் கொடுத்தார். இருவரும் திகைத்துப்போனார்கள். ஏற்காவிட்டால் பேரரசரின் நிலைக்கு உறுதி சொல்ல முடியாது, நாங்களே நேராக மக்களிடம் வைப்போம் என்பதுதான் செய்தி. மிரட்டல்தான், வேறு பெயர் இல்லை அதற்கு. 22-ஆம் தேதி அமைச்சரவை பணிந்தது.

பணிந்த அரசு எதிர்ப்பை வேறு வழிக்கு மாற்றியது: மொழிபெயர்ப்பு. மக்களின் 'இறையாண்மை' என்று நேராகச் சொல்லாமல், மக்களின் 'உன்னதமான பொது விருப்பம்' என்று பூசி மெழுகியது. ஜூலையில் தலைமையகம் நெருக்கிய பிறகுதான் இறையாண்மை என்ற சொல் வந்தது. அமெரிக்க வரைவு ஒற்றை அவை கேட்டது. ஜப்பானியர்கள் இரண்டு அவையாக்கிக்கொண்டார்கள். நிலமெல்லாம் இறுதியில் அரசுக்கே உரியது என்ற பிரிவை எடுக்கச் செய்தார்கள். இவை பேரத்தில் கிடைத்த வெற்றிகள்.

ஒரு மாற்றம் மட்டும் வேறு வகை. சட்டத்தின் முன் 'எல்லா மனிதரும்' சமம் என்றும், அயல்நாட்டவருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு உண்டு என்றும் அமெரிக்க வரைவில் தெளிவாக இருந்தது. இறுதிச் சட்டத்தில் அந்த இடத்தில் நிற்பது 'கோகுமின்' என்ற சொல். நாட்டு மக்கள், அதாவது ஜப்பானியக் குடிமக்கள். அயல்நாட்டவர் பிரிவு காணாமலே போயிற்று. யார் கோகுமின் என்பதைச் சட்டம் முடிவு செய்யும் என்ற பத்தாம் பிரிவு பின்னர் சேர்ந்தது. கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்து ஜப்பானில் வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களின் தலைவிதி இந்த ஒரு சொல்லில் இருந்தது. அந்த நீண்ட இரவில் சடோ களைத்துச் சோர்ந்து பேசியதெல்லாம் எனக்கு இரக்கம் தருகிறது. இந்த மாற்றத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 6-இல் வரைவின் சுருக்கம் வெளியானது. அடுத்து நடந்தது இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சட்டம் என்றால் பழைய இலக்கிய நடையில், சீன எழுத்தும் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தும் கலந்து எழுதுவதே வழக்கம். படித்தவர்களே தடுமாறும் நடை. நம்மூர்ப் பழைய நிலப் பத்திரத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் எப்படியிருக்கும், அப்படி. எழுத்தாளர் யூசோ யமமோட்டோவும் நண்பர்களும் மார்ச் 26 அன்று பிரதமர் அலுவலகத்துக்குப் போய், மக்களுடைய சட்டம் மக்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அதிகாரிகள் ஆச்சரியப்படும் வேகத்தில் ஒத்துக்கொண்டார்கள். அந்நிய வாடை வீசும் மொழிபெயர்ப்பைப் பேச்சு நடை கொஞ்சம் தணிக்கும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. யமமோட்டோவே முகப்புரையைப் பேச்சு நடையில் எழுதிப் பார்த்துக் கொடுத்தார். ஏப்ரல் 17-இல் ஹிரகானா என்ற இன்னொரு ஜப்பானிய எழுத்து கலந்த எளிய நடையில் முழு வரைவும் வெளிவந்தது. அமெரிக்கர் யாரும் இதைக் கேட்கவில்லை. அப்புறம் ஜப்பானில் சட்டங்கள் எழுதும் நடையே மாறிப்போயிற்று.

நாடாளுமன்றத்தில் சேர்ந்த வரிகள்

இதற்கிடையே ஏப்ரல் 10-இல் பொதுத்தேர்தல். ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த பொதுத்தேர்தல் அது; 466 இடங்களில் 39 பெண்கள் வென்றார்கள். பிரதமரான யோஷிதாவின் அரசு ஜூன் 20-இல் மசோதாவைக் கொண்டுவந்தது, பழைய மேய்ஜி சட்டத்தின் திருத்தம் என்ற வடிவில்.

விவாதம் சடங்காக நடக்கவில்லை. ஜூன் 28-இல் கம்யூனிஸ்ட் தலைவர் சன்சோ நொசாகா, தற்காப்புப் போர் நியாயமானது, அதையும் ஏன் கைவிட வேண்டும் என்று கேட்டார். அண்மைக்காலப் போர்களில் பெரும்பாலானவை தற்காப்பின் பெயரால்தான் நடந்தன, அப்படி ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்வதே ஆபத்து என்று பதில் சொன்னார் யோஷிதா. பிற்காலத்தில் இரு தரப்பும் இடம் மாறி நின்றதை அறிந்தவர்களுக்கு இந்த உரையாடல் இன்னும் வியப்பைத் தரும்.

ஹிட்டோஷி அஷிதா தலைமையில் ஒரு துணைக்குழு ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 20 வரை மூடிய அறையில் கூடி வரி வரியாகத் திருத்தியது. அதன் பதிவேடு 1995-இல்தான் வெளியிடப்பட்டது. படை வைக்கக் கூடாது என்னும் ஒன்பதாம் பிரிவின் இரண்டாம் பத்தியில் 'முன் பத்தியின் நோக்கம் நிறைவேறும்பொருட்டு' என்ற சொற்கள் அங்கேதான் சேர்ந்தன. அந்த நோக்கத்துக்குப் புறம்பாக, தற்காப்புக்குப் படை வைக்கலாம் என்று பின்னர் வாதிட இது வாசல் திறந்தது. அதைக் கண்டு தூரக் கிழக்கு ஆணையம், அமைச்சர்கள் ராணுவத்தார் அல்லாத குடிமக்களாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதற்கு ஜப்பானிய மொழியில் சொல்லே இல்லை. 'புன்மின்' என்று ஒன்றை மேலவையான பிரபுக்கள் சபையில் புதிதாகச் செய்தார்கள்.

எல்லாரும் ஒன்பதாம் பிரிவையே பேசுகிறார்கள். நான் 25-ஆம் பிரிவைக் காட்ட விரும்புகிறேன். உடல்நலமும் பண்பாடும் கொண்ட குறைந்தபட்ச வாழ்க்கைத் தரம் ஒவ்வொருவரின் உரிமை என்ற அந்த வரி அமெரிக்க வரைவில் கிடையாது. சோசலிஸ்ட் உறுப்பினர் டட்சுவோ மொரிட்டோ, சுசுகியின் ஆய்வுச் சங்கத்தில் இருந்தவர், ஜெர்மனியில் படித்து வைமர் சட்டத்தை அறிந்தவர், துணைக்குழுவில் விடாமல் வாதாடிச் சேர்த்தார். 1957-இல் ஒகயாமா காசநோய் மருத்துவமனையில் இருந்த நோயாளி ஒருவர், மாதம் 600 யென் உதவித்தொகையில் மனிதராக வாழ முடியாது என்று இந்த வரியைக் கையில் எடுத்து வழக்குப் போட்டார். 1960-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் தோற்று, உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லும் முன்பே அவர் இறந்துபோனார். ஆனாலும் உதவித்தொகை உயர்ந்தது.

கல்விப் பிரிவிலும் ஒரு கதை உண்டு. வரைவில் கட்டாயக் கல்வி தொடக்கப் பள்ளியோடு நின்றது. வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய இளைஞர் பள்ளி ஆசிரியர்கள் அதை எதிர்த்து ஓயாமல் மனுக் கொடுத்தார்கள். 'தொடக்கக் கல்வி' என்பது 'பொதுக்கல்வி' என்று மாறியது. நடுநிலைப் பள்ளிவரை எல்லாப் பிள்ளைகளும் படிக்க வழி பிறந்தது.

ஆகஸ்ட் 24-இல் பிரதிநிதிகள் சபையில் 421 பேர் ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 3-இல் பிரகடனம். 103 பிரிவுகள். விளக்கச் சிறு நூல் இரண்டு கோடிப் பிரதிகள் அச்சாகி வீடுவீடாகப் போயின. 96-ஆம் பிரிவின்படி திருத்த வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மக்கள் வாக்கெடுப்பு. இன்றுவரை ஒரு சொல்கூட மாறவில்லை. கடினமான நடைமுறை மட்டும் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மந்திரிகள்மேல் திணிக்கப்பட்ட சட்டம் அது; போரில் பிள்ளைகளையும் வீட்டையும் இழந்த மக்களில் பலர் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

1968-இல் வரலாற்றாசிரியர் டைகிச்சி இரோகவாவும் அவர் மாணவர்களும் டோக்கியோவின் மேற்கே மலையடிவாரத்து இட்சுகைச்சியில் சிதைந்த பண்டகசாலை ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே 204 பிரிவுகள் கொண்ட ஓர் அரசியலமைப்பு வரைவு. டகுசபுரோ சிபா என்ற பள்ளி ஆசிரியர் ஊர் இளைஞர்களோடு விவாதித்து, உவேகி எழுதிய அதே 1881-இல் எழுதியது. பாதிக்கு மேல் மக்களின் உரிமைகளைப் பற்றியது.

சரி, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? 1945 டிசம்பரில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த அதே தேர்தல் சட்டத் திருத்தம், ஜப்பானில் வாழ்ந்த கொரியர், தைவானியரின் வாக்குரிமையை நிறுத்திவைத்தது. அமெரிக்கப் படை பிடித்திருந்த ஒகினாவாவிலும் தேர்தல் இல்லை. இந்தச் சட்டத்தை விவாதித்த அவையில் ஒகினாவா மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் உட்காரவில்லை. 1947 மே 3-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள், மே 2-இல், பழைய அதிகாரத்தின்கீழ் வந்த கடைசிப் பேரரசு ஆணை, கொரியர்களையும் தைவானியர்களையும் அயல்நாட்டவராகக் கருதிப் பதிவு செய்யச் சொன்னது. ஒகினாவாவுக்கு அந்த 103 பிரிவுகள் போய்ச் சேர்ந்த நாள் 1972 மே 15.